"உங்களை யார் நியமிச்சாங்க, யுவர் ஆனர்?"

உங்கள் மேல் ஆபீஸில் ஒரு புகார். சார்ஜ் மெமோ கொடுத்தவர் மேனேஜர். சாட்சி சொல்லப் போகிறவர் மேனேஜரின் உதவியாளர். விசாரணை அதிகாரி யார் என்று பார்த்தால், மேனேஜருக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, அதே கேஷியரிடம் சம்பளம் வாங்கி, அதே கேன்டீனில் அதே போண்டாவைச் சாப்பிடுகிற இன்னொருவர்! "நான் பாரபட்சமில்லாமல் விசாரிப்பேன்" என்று அவர் சொல்லும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? "ரொம்ப சந்தோஷம் ஸார்" என்பீர்கள். வேறென்ன சொல்ல முடியும்?

அமெரிக்காவில் ஒருத்தர் அப்படிச் சொல்லவில்லை. தீர்ப்பு எதிராக வந்ததும், "அதெல்லாம் இருக்கட்டும். அந்த ஜட்ஜை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார்? அவருக்கு அந்த அதிகாரம் உண்டா?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் சுப்ரீம் கோர்ட் வரை போய் ஜெயித்தும் விட்டார். அந்த ஒரு கேள்வியால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜட்ஜுகளின் நியமனத்தை அவசர அவசரமாகப் புதுப்பிக்க வேண்டி வந்தது. இன்னமும் அந்தக் கேள்வி ஓயவில்லை.

கேட்டவர் ஒன்றும் மகாத்மா இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

கோர்ட் இல்லாத கோர்ட்

முதலில் இந்த ஜட்ஜுகள் யார் என்று பார்ப்போம். 'அட்மினிஸ்ட்ரேட்டிவ் லா ஜட்ஜ்' என்பது முழுப் பெயர். ஒவ்வொரு தடவையும் எழுதினால் எனக்கும் மூச்சு வாங்கும், உங்களுக்கும் பொறுமை போய்விடும். 'துறை ஜட்ஜ்' என்று வைத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் நிஜ ஃபெடரல் ஜட்ஜ் என்றால் ஜனாதிபதி நியமிக்க வேண்டும், செனட் சம்மதிக்க வேண்டும். அப்புறம் ஆயுளுக்கும் ஆட்ட முடியாது. துறை ஜட்ஜ் அப்படியல்ல. அரசாங்கத் துறைக்குள்ளேயே இருக்கிற ஜட்ஜ். ஷேர் மார்க்கெட் மோசடியா, தொழிலாளர் தகராறா, ஊனமுற்றோர் உதவித் தொகையா... அந்தந்தத் துறை, தன்னிடம் வரும் வழக்கைத் தானே விசாரிக்க ஜட்ஜுகளை வைத்திருக்கிறது. ஜூரி கிடையாது. ஆனால் சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, தீர்ப்பு உண்டு, அபராதம் உண்டு.

2018 வாக்கில் இவர்கள் மொத்தம் 2,000-க்குக் கொஞ்சம் குறைவு. அதில் பெரும்பாலோர் சோஷியல் செக்யூரிடி துறையில். முதுகெலும்பு போய் வேலைக்குப் போக முடியாதவர், "எனக்கு உதவித் தொகை கொடுங்கள்" என்று விண்ணப்பித்து, துறை "உன்னால் வேலை செய்ய முடியும், போ" என்று விரட்டிவிட்டால், அவருக்கு அடுத்த வாசல் துறை ஜட்ஜ்தான். பாதிப் பேருக்கு அதற்கு மேல் போகத் தெம்பும் இருக்காது, காசும் இருக்காது. ஆகவே இது ஏதோ வக்கீல்கள் பொழுதுபோக்குக்கு அடித்துக்கொள்ளும் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏழை வீட்டு அடுப்பு எரியுமா எரியாதா என்கிற சமாசாரம்.

கேன்டீன் போண்டா சந்தேகம் அமெரிக்கர்களுக்கும் வந்தது. அதனால்தான் 1946-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். துறை ஜட்ஜுக்கு மார்க் போடத் துறைத் தலைவருக்கு உரிமை இல்லை. போனஸ் கொடுத்துக் கவரவும் முடியாது. "இந்தக் கேஸை நம்ம ஆளுக்குக் கொடு" என்று தேர்ந்தெடுத்துக் கொடுக்காமல், கூடியவரை முறை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்ப வேண்டுமானால் துறைக்கு வெளியே இருக்கும் ஓர் அமைப்பு, தகுந்த காரணம் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் இவர்களுக்கு 'எக்ஸாமினர்' என்றுதான் பெயர். 1972-ல்தான் 'ஜட்ஜ்' என்று பெயர் மாறியது. பெயரில் என்ன இருக்கிறது என்பவர்கள், எழுந்து நின்று வணக்கம் சொல்லப்படாத ஓர் எக்ஸாமினரைக் கேட்டுப் பாருங்கள்!

வேலைக்குச் சேர்வதற்குப் பரீட்சை. மத்திய தேர்வு அமைப்பு ஒன்று பரீட்சை வைத்து மார்க் பட்டியல் போடும். துறைகள் அந்தப் பட்டியலின் மேல் வரிசையிலிருந்து எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ளும் வேலையைப் பல இடங்களில் துறைத் தலைவர் செய்யவில்லை. ஆபீஸ் அதிகாரிகளே முடித்துவிட்டார்கள். எழுபது வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அங்கேதான் வெடி இருந்தது.

வாளி வாளியாய்ப் பணம்

ரேமண்ட் லூசியா. கலிஃபோர்னியாவில் முதலீட்டு ஆலோசகர். ரேடியோவில் பேசுவார், புத்தகம் எழுதுவார், ஓய்வு பெறப் போகிறவர்களைக் கூட்டி வைத்து ஸ்லைடு போட்டு இலவச செமினார் நடத்துவார். அவருடைய திட்டத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'பண வாளிகள்'. சேமிப்பை மூன்று வாளியாகப் பிரியுங்கள். பத்திரமான வாளியிலிருந்து முதலில் மொண்டு செலவு செய்யுங்கள். ஆபத்தான வாளி அதுவரை மெல்ல நிரம்பட்டும்... ஐடியா கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நம் பாட்டிமார்கள் அரிசிப் பானைக்குள் ஒன்று, அஞ்சறைப் பெட்டியில் ஒன்று, முந்தானை முடிச்சில் ஒன்று என்று வைத்திருந்த அதே திட்டம்.

தகராறு என்னவென்றால், "கடந்த காலத்துப் பங்குச் சந்தை விவரங்களை வைத்துச் சோதித்துப் பார்த்தேன், என் திட்டம் தாக்குப் பிடிக்கிறது" என்று அவர் ஸ்லைடில் காட்டியது. ஸெக்யூரிடீஸ் அண்ட் எக்ஸ்சேஞ்ச் கமிஷன் (நம் 'செபி'க்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்) 2012-ல், "இந்தச் சோதனைக் கணக்கு ஜனங்களைத் திசை திருப்புகிறது" என்று வழக்குப் போட்டது. வழக்குப் போட்டதும் கமிஷன், விசாரித்ததும் கமிஷனின் ஐந்து துறை ஜட்ஜுகளில் ஒருவர். ஒன்பது நாள் விசாரணை. முடிவில் 3 லட்சம் டாலர் அபராதம், முதலீட்டுத் தொழிலில் ஆயுள் முழுக்கத் தடை.

வாளி கவிழ்ந்தது. அப்போதுதான் லூசியாவின் வக்கீல்கள் அரசியல் சட்டத்தைப் புரட்டினார்கள்.

1787-ல் எழுதிய ஒரு வாக்கியம்

அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவில் நியமனம் பற்றி ஒரு ஷரத்து. அரசாங்கத்தின் பெரிய 'ஆபீஸர்'களை ஜனாதிபதி, செனட்டின் சம்மதத்தோடு நியமிக்க வேண்டும். சின்ன ஆபீஸர்கள் என்றால், காங்கிரஸ் சட்டம் போட்டு அந்த அதிகாரத்தை மூன்று பேருக்கு மட்டும் தரலாம். ஜனாதிபதி, நீதிமன்றம், துறைத் தலைவர். நாலாவது ஆள் கிடையாது. வெறும் ஊழியராக இருந்தால் இந்த ஷரத்து பொருந்தாது. யார் வேண்டுமானாலும் வேலைக்கு எடுக்கலாம்.

ஆக, கேள்வி இதுதான். துறை ஜட்ஜ் ஆபீஸரா, ஊழியரா?

ஊழியர் என்றால் பிரச்னை இல்லை. ஆபீஸர் என்றால், அவரைக் கமிஷனே கூடி நியமித்திருக்க வேண்டும். கமிஷன் நியமிக்கவில்லை, ஸ்டாஃப்தான் நியமித்தார்கள். அப்படியானால் லூசியாவை விசாரித்தவர் சட்டப்படி ஜட்ஜே இல்லை!

இதைக் குதர்க்கம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். யார் நியமித்தார்கள் என்பது தெரிந்தால்தான், நியமனம் தப்பாய்ப் போனால் யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியும். "எனக்குத் தெரியாது ஸார், ஃபைல் கீழேயிருந்து வந்தது" என்று எந்தத் தலைவரும் நழுவக் கூடாது. அதற்காகத்தான் அந்த வாக்கியம்.

சட்டம் ரொம்பத் தமாஷான ஊர்களைச் சுற்றிவந்தது. வாஷிங்டனில் இருக்கும் அப்பீல் கோர்ட்டில் மூன்று ஜட்ஜுகள் 2016-ல் "ஊழியர்தான்" என்றார்கள். அதே வருஷக் கடைசியில் டென்வரில் இருக்கும் அப்பீல் கோர்ட், இன்னொருத்தர் வழக்கில், "ஆபீஸர்தான்" என்றது. வாஷிங்டன் கோர்ட் மறுபடி பத்து ஜட்ஜுகளாக உட்கார்ந்து யோசித்தது. ஐந்துக்கு ஐந்து! டை! பத்துப் பேர் படித்தும் விடை இல்லை.

கேஸ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனபோது இன்னொரு கூத்து. இத்தனை நாளாக "ஊழியர்தான்" என்று வாதாடிய அரசாங்கம், 2017 நவம்பரில் திடீரென்று, "லூசியா சொல்வதுதான் சரி" என்று கட்சி மாறிவிட்டது. அதே மாசத்தில் கமிஷன் தன் ஐந்து ஜட்ஜுகளின் நியமனத்தையும் தானே உறுதி செய்துகொண்டது. எதிர்க்கட்சி இல்லாமல் பட்டிமன்றம் நடத்த முடியுமா? சுப்ரீம் கோர்ட்டே ஒரு வக்கீலைப் பிடித்து, "நீங்கள் கொஞ்சம் எதிர்த்து வாதாடுங்கள்" என்று நியமித்தது. (அவரை யார் நியமித்தது என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.)

ஜூன் 21, 2018. தீர்ப்பை எழுதியவர் ஜஸ்டிஸ் எலெனா கேகன். நிரந்தரப் பதவி, சாட்சியம் வாங்குகிறார், விசாரணை நடத்துகிறார், எந்த ஆதாரம் செல்லும் என்று தீர்மானிக்கிறார், கட்டளையிட்டுப் பணிய வைக்கிறார். வரிக் கோர்ட்டின் விசேஷ ஜட்ஜுகள் ஆபீஸர்கள் என்று 1991-லேயே சொல்லியாகிவிட்டது. இவர்கள் அவர்களின் நகல் மாதிரிதானே? ஆகவே ஆபீஸர்கள்தான். லூசியாவுக்குப் புது விசாரணை. அதுவும் பழைய ஜட்ஜிடம் கூடாது. இப்போது முறைப்படி நியமனம் ஆகியிருந்தாலும், ஒரு தடவை தீர்ப்புச் சொன்னவர் அதையே மறந்துவிட்டு விசாரிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

லூசியா நிரபராதி என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மறுபடி விசாரியுங்கள் என்றுதான் சொன்னார்கள். கடைசியில் 2020-ல் அவரும் கமிஷனும் சமரசம் செய்துகொண்டார்கள்.

கையெழுத்துத் திருவிழா

தீர்ப்பு வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. ஜூலை 10-ம் தேதி ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவு போட்டார். துறை ஜட்ஜ் வேலைக்கு இனி மத்தியப் பரீட்சை கிடையாது. துறைத் தலைவர்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். கட்டாயத் தகுதி, வக்கீல் தொழில் செய்ய லைசென்ஸ். மற்றதைத் துறையே முடிவு செய்துகொள்ளலாம். ஜூலை 16-ம் தேதி சோஷியல் செக்யூரிடியின் தலைமை அதிகாரி, தன் துறை ஜட்ஜுகள் அத்தனை பேரின் நியமனத்தையும் தன் பெயரால் அங்கீகரித்தார். வெள்ளிக்கிழமை அதே நாற்காலியில் உட்கார்ந்து செல்லாத ஜட்ஜாக வீட்டுக்குப் போனவர், அடுத்த வாரம் செல்லும் ஜட்ஜாக வந்து உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடிகூட மாறவில்லை.

சரி, அதற்கு முன்னால் அந்தச் செல்லாத ஜட்ஜுகள் "உதவித் தொகை கிடையாது" என்று விரட்டினார்களே, அந்த ஏழைகள்? அவர்களும் கோர்ட்டுக்குப் போனார்கள். அரசாங்கம், "நீங்கள் இந்த ஆட்சேபணையை அன்றைக்கே அந்த ஜட்ஜிடம் சொல்லியிருக்க வேண்டும், இப்போது லேட்" என்றது. யோசித்துப் பாருங்கள். முதுகுவலியோடு உட்கார்ந்திருப்பவர் அந்த ஜட்ஜிடமே, "ஐயா, நீங்கள் அரசியல் சட்டப்படி ஜட்ஜா?" என்று கேட்டிருக்க வேண்டுமாம்! கேட்டாலும் அவரால் என்ன செய்ய முடியும்? தன் நியமனத்தைத் தானே சரி செய்துகொள்ள முடியுமா?

2021 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் இதைத்தான் சொன்னது. 'கார்' என்பவர் பெயரில் வந்த வழக்கு. மனுதாரர்கள் ஆறு பேர். முன்கூட்டியே ஆட்சேபிக்கவில்லை என்பதற்காக அவர்களை விரட்டக் கூடாது, வேறு ஜட்ஜிடம் புது விசாரணை உண்டு என்று ஜஸ்டிஸ் ஸோடோமேயர் தீர்ப்பு எழுதினார். முடிவில் ஒருவர்கூட மாறுபடவில்லை. எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இது. வாளி வியாபாரி பெரிய வக்கீல்களை வைத்துத் தனக்காகத் திறந்த கதவு வழியாக, வேலை செய்ய முடியாத ஆறு பேர் உள்ளே வந்தார்கள்.

முடிச்சில்லாத தையல், முடிச்சுள்ள கேஸ்

லூசியா தீர்ப்புக்கு மூன்று வருஷம் கழித்து, சொல்லிவைத்தாற்போல் அதே ஜூன் 21-ம் தேதி (2021) இன்னொரு தீர்ப்பு. ஆர்த்ரெக்ஸ் கம்பெனி, அறுந்த தசையை எலும்போடு சேர்க்க முடிச்சுப் போடாமல் தைக்கும் ஒரு சாதனத்துக்கு பேட்டன்ட் வாங்கியிருந்தது. பேட்டன்ட் ஆபீஸ் ஜட்ஜுகள் அதை ரத்து செய்துவிட்டார்கள். கம்பெனி, "இவர்கள் நியமனமே சரியில்லை" என்றது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கோர்ட் ஒப்புக்கொண்டது. அமைச்சர் நியமித்த இந்த ஜட்ஜுகளின் முடிவை, அவர்களுக்கு மேலே யாரும் பார்க்க முடியாமல் இருந்தது தப்பு. பேட்டன்ட் டைரக்டர் பார்த்து மாற்றலாம் என்று முடித்தது. முடிச்சில்லாத தையல், அரசியல் சட்டத்தில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுப் போனது.

வந்த வழி முடிந்தது, போகிற வழி...

நியமனம் பற்றிய சண்டை ஓய்ந்ததும், அடுத்த கேள்வி முளைத்தது. ஆபீஸர் என்றால் ஜனாதிபதிக்குக் கட்டுப்பட்டவர்தானே? அவரை வீட்டுக்கு அனுப்ப இத்தனை தடுப்புச் சுவர் எதற்கு?

ஜஸ்டிஸ் பிரையர் 2018-லேயே இதை மோப்பம் பிடித்து எச்சரித்தார். "ஆபீஸர் என்று முத்திரை குத்தினால், நாளைக்கு அவர்களுடைய வேலைப் பாதுகாப்புக்கு ஆபத்து" என்பது அவர் கவலை. அப்படியே ஆயிற்று. 2022-ல் ஜார்கெஸி என்ற முதலீட்டு நிதிக்காரர் வழக்கில் ஓர் அப்பீல் கோர்ட், அந்தப் பாதுகாப்பு அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. 2023-ல், இந்த மாதிரி ஆட்சேபணைகளைத் துறை விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் நேராக கோர்ட்டில் எழுப்பலாம் என்றது சுப்ரீம் கோர்ட். 2024 ஜூனில் ஜார்கெஸி வழக்கில், மோசடிக்கு அபராதம் கேட்பதானால் ஜூரி உள்ள நிஜக் கோர்ட்டுக்குப் போங்கள் என்று ஆறுக்கு மூன்றாகச் சொல்லிவிட்டு, வேலைப் பாதுகாப்புக் கேள்வியைத் தொடாமல் விட்டது. 2025 பிப்ரவரியில் அமெரிக்க நீதித் துறை, "துறை ஜட்ஜுகளின் அடுக்கடுக்கான பாதுகாப்பை இனி நாங்கள் கோர்ட்டில் ஆதரிக்க மாட்டோம்" என்று அறிவித்தது.

நடுவில் அந்தக் கேன்டீன் போண்டா சந்தேகத்துக்கும் ஓர் ஆதாரம் கிடைத்தது. வழக்கு நடத்தும் பிரிவின் ஊழியர்கள், தீர்ப்புக்கு ஆலோசனை சொல்லும் பிரிவின் ரகசியக் குறிப்புகளைக் கம்ப்யூட்டரில் எடுக்க முடிந்திருக்கிறது என்று அந்த ஸெக்யூரிடீஸ் கமிஷனே ஒப்புக்கொண்டது. 2023 ஜூனில் 42 வழக்குகளைக் கைவிட்டது. அடுத்த அறையில் உட்கார்ந்திருப்பது சும்மா இல்லை, ஸார்!

நம்ம மெட்ராஸ் வக்கீல்கள்

"அமெரிக்கா கிடக்கட்டும், இங்கே?" என்பீர்கள். இங்கேயும் இதே ரத்தக்கொதிப்புதான், தலைகீழாக. அங்கே "ஜட்ஜ் மேல் அரசாங்கத்தின் பிடி போதவில்லை" என்று வழக்கு. இங்கே "பிடி ஜாஸ்தி" என்று வழக்கு.

1976-ல் 42-வது திருத்தம் மூலம் டிரிப்யூனல்கள் நம் அரசியல் சட்டத்துக்குள் வந்தன. அதன் உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுப்பது, எத்தனை வருஷம் என்பதில் அரசுக்கும் கோர்ட்டுக்கும் ஓயாத இழுபறி. இதில் விடாக்கண்டன் நம் மெட்ராஸ் பார் அசோஸியேஷன். 2010-ல் கம்பெனி டிரிப்யூனல் வழக்கு, 2014-ல் தேசிய வரி டிரிப்யூனல் வழக்கு (அந்தச் சட்டமே செல்லாது என்றாகிவிட்டது), 2020, 2021... ஐம்பது வயசு ஆனால்தான் உறுப்பினர், நாலு வருஷம்தான் பதவி என்று அவசரச் சட்டம் போட்டது மத்திய அரசு. 2021 ஜூலையில் கோர்ட் ரத்து செய்தது. ஆகஸ்டில் அதே விஷயத்தைச் சட்டமாகவே நிறைவேற்றியது பார்லிமென்ட். மறுபடி மெட்ராஸ் வக்கீல்கள் ரயிலேறினார்கள். 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் ரத்து செய்தது.

நாலு வருஷப் பதவி ஏன் ஆபத்து? முதல் வருஷம் வேலை கற்றுக்கொள்வார். கடைசி வருஷம் அடுத்த பதவிக்கு யாரைப் பார்க்கலாம் என்று யோசிப்பார். அரசாங்கமே எதிர்க்கட்சியாக நிற்கும் கேஸ்களில், மறு நியமனமும் அரசாங்கத்தின் கையில் என்றால், நடு வருஷங்களிலும் பேனா கொஞ்சம் நடுங்கத்தானே செய்யும்?

என் கட்சி எது?

1776-ல் அமெரிக்கர்கள் இங்கிலாந்து ராஜா மேல் ஒரு புகார்ப் பட்டியல் எழுதினார்கள். சுதந்திரப் பிரகடனம் என்று பெயர். அதில் ஒரு புகார், ராஜா இஷ்டத்துக்குப் புதுப் புதுப் பதவிகளை உண்டாக்கி ஆள்களை அனுப்புகிறார் என்பது. இன்னொரு புகார், ஜட்ஜுகளின் பதவியையும் சம்பளத்தையும் ராஜா தன் விருப்பத்துக்குள் வைத்திருக்கிறார் என்பது. இருநூற்று ஐம்பது வருஷம் கழித்து இன்று நடக்கிற சண்டை, அந்த இரண்டு புகாருக்கும் இடையில்தான். முதல் புகாருக்கு மருந்து, 'மேலே இருப்பவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடு' என்பது. இரண்டாவதற்கு மருந்து, 'கையெழுத்துப் போட்ட பிறகு கையை எடு' என்பது. முதல் மருந்தை அளவுக்கு மேல் கொடுத்தால் இரண்டாவது நோய் வருகிறது.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும். லூசியா ஜெயித்தது சரி. யார் நியமித்தார் என்று ஒரு பெயர் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதைச் சாக்கிட்டு, பரீட்சையையும் எடுத்துவிட்டு, வேலைப் பாதுகாப்பையும் எடுத்துவிட்டால், உதவித் தொகை கேட்டு வருகிறவருக்கு என்ன மிஞ்சும்? "கொடுக்க மாட்டேன்" என்று சொன்ன துறையின் தலைவர் தேர்ந்தெடுத்து, அவர் நினைத்தால் அனுப்பிவிடக்கூடிய ஒருவர்தான் ஜட்ஜ். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அந்த முதுகுவலிக்காரர் அதை எதை வைத்து நம்புவார்?

நியமன உத்தரவில் யார் கையெழுத்து என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். அந்த ஜட்ஜ் தைரியமாக ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டால், மறுநாள் காலையில் அவருக்கு வேலை இருக்குமா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால், அவர் போண்டாவை எந்தக் கேன்டீனில் வேண்டுமானாலும் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும்.